பச்சை விளக்கை நம்பலாமா?

'ரெய்டு' என்றதும் நமக்கு வருமான வரித் துறையின் சோதனைதான் நினைவுக்கு வரும். கணினி உலகில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. பல வன்தட்டுகளை (ஹார்ட் டிஸ்க்) இணைத்து ஒரே சேமிப்பகம்போல் இயங்கச் செய்யும் முறைக்கு அப்பெயர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதற்குப் பெயரும் இலக்கணமும் தந்தது. விலையுயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான பல சிறு தட்டுகளைச் சேர்த்தால் வேகம் கூடும். உரிய ஏற்பாடு இருந்தால், ஒன்று பழுதானாலும் தரவு அழியாது என்பது அவர்களின் வாதம்.

என் வீட்டிலும் நான்கு தட்டுகள் கொண்ட அத்தகைய பெட்டி ஒன்று உண்டு. கிராமக் குடும்பங்களின் வரவு செலவு குறித்து நானும் என் மாணவர்களும் இருபது ஆண்டுகள் திரட்டிய கணக்கெடுப்புப் படிவங்கள் அதில் உள்ளன. நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் வாசித்துத் தந்த பெட்டி, அண்மையில் 15 மெகாபைட்டுக்கு இறங்கியது. முகப்பிலோ பச்சை விளக்கு. 'பெட்டி பழசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க' என்றார் பார்க்க வந்த இளைஞர்.

வாங்குவதற்கு முன் காரணத்தை அறிய விரும்பினேன். இத்தகைய சிக்கலில் வெளியிலிருந்து உள்நோக்கித் தேடுவதே முறை.

முதலில் இணைப்புக் கம்பி. நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பின் உச்ச வரம்பு 125 மெகாபைட். கம்பிக்குள் ஓர் இழை அறுந்தாலும் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடக்கூடும். வேகம் 11, 12 மெகாபைட்டில் நின்றுவிட்டால் கம்பியை ஐயுறலாம். என் பெட்டி அந்த வரம்பைத் தாண்டியதால் குற்றவாளி கம்பி அன்று.

அடுத்து, கோப்பின் தன்மை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிநொடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. வாசிப்பு முனை இடம் மாறும் நேரத்தையும் கூட்டினால், நொடிக்கு நூறு இடங்களைத் தொடுவதே அரிது. எனவே பல்லாயிரம் சிறு கோப்புகளை வாசிக்கையில் வேகம் குறைவது இயல்பு. என்னுடையவை பெரிய கோப்புகள். பின்னணியில் சரிபார்ப்புப் பணி ஏதும் ஓடவும் இல்லை.

எஞ்சியவை தட்டுகள். ஒரு கோப்பு துண்டுகளாகப் பிரிந்து எல்லாத் தட்டுகளிலும் பரவியிருக்கும். எல்லாத் துண்டுகளும் வந்தால்தான் கோப்பு முழுமை பெறும். கல்யாணப் பந்தியில் கடைசி ஆள் எழும் வரை அடுத்த பந்திக்கு இலை விழாததைப் போன்றது இது. தனித்தனியே சோதித்தபோது மூன்று தட்டுகள் நொடிக்கு 150 மெகாபைட் அளவில் வாசித்தன; நான்காவது 20-ஐக்கூட எட்டவில்லை. நலிந்த பகுதிகளை அது மீண்டும் மீண்டும் முயன்று வாசித்துக்கொண்டிருந்தது. இறுதியில் எப்படியோ தரவைத் தந்துவிட்டதால் பிழை எதுவும் பதிவாகவில்லை. பச்சை விளக்கும் மாறவில்லை. அத்தட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' குறிப்பில் மட்டும், வாசிக்க இயலாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை ஏறியிருந்தது.

சராசரி வருமானத்தைக் கொண்டு ஒரு கிராமத்தின் வறுமையை அளக்காதீர்கள் என்று வகுப்பில் பலமுறை கூறியவன் நான். என் பெட்டியையே ஒற்றை விளக்கைக் கொண்டு அளந்துகொண்டிருந்தேன்.

தட்டை உடனே கழற்றி மாற்றுவதிலும் ஆபத்துண்டு. புதிய தட்டை நிரப்ப, மற்றவை முழுவதுமாக வாசிக்கப்படும். ஒரே வயதுடைய இன்னொரு தட்டு அப்போது பழுதானால், ஓர் இழப்பை மட்டுமே தாங்கும் அமைப்பில் எல்லாம் போய்விடும். ஆகவே முதலில் படிவங்கள் அனைத்தையும் வெளித்தட்டு ஒன்றில் நகலெடுத்தேன், பிறகே மாற்றினேன். பழைய வேகம் திரும்பியது. செலவு இரண்டு தட்டுகளின் விலை மட்டுமே.

வெளித்தட்டில் அந்த நகல் இப்போதும் இருக்கிறது. தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு மீட்டுத் தராது. எல்லாத் தட்டுகளிலும் அதை ஒருசேர அழித்துவிடும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு தட்டின் குறிப்பையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். எங்களுக்குப் பதில் சொன்ன முதியவர்கள் பலர் இன்று இல்லை. அவர்களிடம் மீண்டும் கேட்டு அந்தப் படிவங்களை நிரப்ப முடியாது.