தகவலுக்கும் ஓர் உளுந்தூர்பேட்டை

சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலை வழியே சென்றவர்களுக்கு உளுந்தூர்பேட்டை தெரிந்த ஊராகவே இருக்கும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் நெடுஞ்சாலை பிரிகிறது. தெற்கே போனால் திருச்சி. மேற்கே திரும்பினால் கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம். விருத்தாசலத்துக்கும் இங்கிருந்து சாலை உண்டு. சின்னசேலம் செல்லும் ஓட்டுநர், வழிகாட்டிப் பலகையில் தம் ஊரின் பெயர் இல்லையே என்று மலைத்து நிற்பதில்லை. 'சேலம்' என்ற அம்புக்குறியைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார். திசை தெரிந்தால் போதும். மீதியை அடுத்த சந்திப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

கணினிகளுக்கிடையே ஓடும் தகவலுக்கும் இத்தகைய சந்திப்புகள் உண்டு. அங்கே வழி காட்டும் கருவியின் பெயர் ரௌட்டர். தமிழில் இதைத் 'திசைவி' என்கிறோம்.

நீங்கள் அனுப்பும் ஒரு படம் முழுதாகப் பயணம் செய்வதில்லை. அது சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பொதி பொதுவாக 1500 பைட்டுக்கு மேற்படுவதில்லை. எனவே 3 லட்சம் பைட் அளவுள்ள படம் 200-க்கும் மேற்பட்ட பொதிகளாகப் புறப்படும். ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி ஆகிய இரண்டும் இருக்கும். 192.168.10.5 என்பது போன்ற நான்கு எண்களே முகவரி. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம் என்பதால், இம்முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள் அமையும்.

இத்தனை முகவரிகளையும் ஒரு திசைவி நினைவில் வைத்திருக்க முடியுமா? தேவையில்லை. வழிகாட்டிப் பலகையைப் போலவே அதனிடமும் ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். '192.168.10 என்று தொடங்கினால் கணினி ஆய்வகம், 192.168.20 என்று தொடங்கினால் அலுவலகம்; மற்றவை எல்லாம் வெளியே, இணையத்துக்கு.' பட்டியல் இவ்வளவுதான். ஒரு பொதிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால், எது முகவரியை அதிக நுட்பமாகக் குறிக்கிறதோ அதையே திசைவி பின்பற்றும்.

வீட்டில் உள்ள திசைவிக்கு வேலை குறைவு. அலுவலகங்களுக்கென்று செய்யப்படும் திசைவியோ பல வலைகளைத் தனித்தனியே பிரித்து வைக்கும். அவற்றுக்கிடையே காவலும் புரியும். இந்தக் காவலுக்குத் 'தீச்சுவர்' என்று பெயர். ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குப் பரவாமல் தடுக்கும் சுவரிலிருந்து வந்த பெயர் இது.

தீச்சுவர் செய்வது என்ன? பொதி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்தப் பணிக்கானது என்று பார்க்கிறது. பிறகு தன்னிடமுள்ள விதிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படிக்கிறது. முதலில் பொருந்தும் விதி எதுவோ அதுவே தீர்ப்பு. பெரும்பாலான கருவிகள் அதற்குக் கீழே உள்ளவற்றைப் படிப்பதில்லை. இங்கேதான் சிக்கல் இருக்கிறது.

'1. விருந்தினர் கைபேசி அலுவலக வலைக்குச் செல்லக்கூடாது. 2. விருந்தினர் எங்கும் செல்லலாம். 3. மற்ற எதற்கும் அனுமதி இல்லை.' இப்படி எழுதினால் பள்ளியின் மதிப்பெண் பதிவேடு காப்பாற்றப்படும். முதல் இரண்டு விதிகளை இடம் மாற்றிப் பாருங்கள். விதிகளின் சொற்களில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் 'எங்கும் செல்லலாம்' என்பது முந்திக்கொள்வதால் தடை விதிக்கு வேலையே வராது! கடைசி விதியும் முக்கியமானது. பெயர் சொல்லி அனுமதிக்காத எதையும் தடுப்பதே நல்ல காவல்.

அப்படியானால் இணையத்திலிருந்து வரும் பதில் எப்படி உள்ளே நுழைகிறது? உள்ளிருந்து யார், எங்கே கேள்வி அனுப்பினார்கள் என்பதைத் தீச்சுவர் குறித்துக்கொள்கிறது. அக்கேள்விக்குரிய பதில் வந்தால் வழிவிடுகிறது. கேளாமல் வரும் பொதியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

வலைகளைப் பிரித்து வைப்பதன் அருமையை நம் மாநிலத்திலேயே ஒரு நிகழ்ச்சி உணர்த்தியது. 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம், தன் கணினி ஒன்றில் தீங்கு நிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மையே என்று அறிவித்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றிச் செய்திகள் பரவிய சமயம் அது. அந்தக் கணினி, நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு தொடர்புள்ள வலையில் இருந்தது. முக்கியமான உள்வலை அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்று கழகம் தெரிவித்தது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. தீங்கு நிரல் ஒரு கணினியில் நுழைவதை எப்போதும் தடுத்துவிட முடியாது. அனுமதிக்கப்பட்ட மின்னஞ்சல் வழியாகவோ, யாரோ செருகும் நினைவுக் குச்சி வழியாகவோ அது வந்துவிடலாம். ஆனால் வந்தது எதுவரை பரவும் என்பதை, நாம் முன்கூட்டியே போட்டு வைத்த எல்லைகள் தீர்மானிக்கின்றன. அந்த எல்லைகளை வகுப்பது கருவியல்ல, மனிதர்.

நீங்களும் ஒரு தாளில் உங்கள் பள்ளியின் ஆய்வகம், அலுவலகம், விருந்தினர் என மூன்று கட்டங்கள் வரையுங்கள். யார் எங்கே செல்லலாம் என்று ஐந்தே விதிகள் எழுதுங்கள். பிறகு தாளை நண்பரிடம் கொடுத்து, தடுக்கப்பட்ட இடத்துக்கு எப்படியாவது ஒரு பொதியை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வெற்றி பெற்றால் விதிகளின் வரிசையை முதலில் சரிபாருங்கள்.