டாலி ஆகுது... ஆனா சரியா?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலையேற 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஏறியவர்கள் உற்சாகமாக எண்ண ஆரம்பிப்பார்கள். நாற்பதைத் தாண்டினால் எண்ணிக்கை நின்றுவிடும். வயிறு வேறு கணக்கைத் தொடங்கிவிடும்! ஒரு வழியாகச் சோளக்காட்டில் இறங்கினால் பலாப்பழ வாசனை, மிளகு, காபிக்கொட்டை, வாழைத்தார். ஆகாய கங்கை அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஊர் என்றுதான் கொல்லிமலையைப் பலருக்கும் தெரியும். நான் போனபோது கண்ணில் பட்டது ஒரு கணக்கு நோட்டு. என்ன செய்வது, ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவன் ஊட்டிக்குப் போனாலும் வவுச்சரைத்தான் பார்ப்பான்.

நோட்டு ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுடையது. ரொக்கப் புத்தகம், சேமிப்பு - கடன் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ஆளுக்கொரு பாஸ்புக் என்று எல்லாம் ஒரு துணிப்பையில் இருந்தன. எழுதியவர் பி.காம். படித்தவர் அல்ல. சும்மா இருக்க முடியாமல், ஓரமாக உட்கார்ந்திருந்த ஓர் உறுப்பினரிடம் கேட்டேன்.

"குழுவுல இருப்பு எவ்வளவுங்கம்மா?"

"நோட்டப் பாத்துச் சொல்லட்டுங்களா, வாயாலயே சொல்லட்டுங்களா?"

"நோட்டுல ஒண்ணு, பேங்க் பாஸ்புக்குல ஒண்ணு இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டையும் முன்னால வெச்சு, எழுதினவங்களையே கேட்டுப்போடுவோங்க. எங்க காசுங்களே!"

இந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடத்திட்டம் இல்லை.

சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு 1992-ல் தொடங்கியது. கடன் கொடுப்பதற்கு முன்னால் குழுவுக்கு மார்க் போடுவார்கள். கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு வருகிறதா, கடன் திரும்புகிறதா, புத்தகங்கள் அன்றாடம் எழுதப்படுகின்றனவா, உறுப்பினர்களுக்குக் குழுவின் விதிகள் தெரியுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். அதாவது பரீட்சை, வேலை நடக்கிற இடத்தில் நடக்கிறது. உண்மையான நோட்டு, உண்மையான பணம், உண்மையான ஆட்கள்.

இப்போது மலையிலிருந்து கீழே இறங்குவோம்.

நாமக்கல் பக்கம் லாரிக் கணக்கு எழுதாத ஆடிட்டர் ஆபீஸ் அபூர்வம். அப்படி ஓர் ஆபீஸில், காமர்ஸில் அள்ளி அள்ளி மார்க் வாங்கிய பையன் ஒருவன் சேர்ந்தான். ஒரு கட்டு டீசல் பில்லைக் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் ஏற்றிவிட்டான். டெபிட், கிரெடிட் ஒரு பைசா பிசகாமல் டாலி. அதில் ஒரே லாரிக்கு, ஒரே தேதியில், நாமக்கல்லில் ஒரு பில், நாக்பூரில் ஒரு பில்!

"தம்பி, ஒரே நாள்ல ஒரு வண்டி எப்படிப்பா ரெண்டு ஊர்லயும் டீசல் போட்டுச்சு?"

"பில் இருக்கு சார்."

சிரிக்காதீர்கள். தப்பு அவனுடையதல்ல. பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்து அவன் பார்த்த ஒவ்வொரு கேள்வித்தாளும் 'கீழ்க்கண்ட இருப்புகளிலிருந்து இறுதிக் கணக்குகளைத் தயாரிக்க' என்றுதான் ஆரம்பித்தது. அந்த 'கீழ்க்கண்ட' என்பது வேதவாக்கு. அந்த இருப்பு நிஜமா என்று பரீட்சையில் கேட்டால் சூபர்வைசர் முறைப்பார். ஆபீஸிலோ அதைக் கேட்பதற்குத்தான் சம்பளம்.

1494-ல் வெனிஸில் அச்சான தன் கணிதப் புத்தகத்தில் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார் லூக்கா பாசியோலி என்ற துறவி. ஐந்நூறு வருடம் தாண்டியும் அசையாத முறை. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பொய்யை இரண்டு பக்கமும் சமமாக எழுதினால், பொய்யும் அழகாக டாலி ஆகும்.

ஆதாரம் வேண்டுமா? 2009 ஜனவரி 7. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டியிருந்த ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்றார். கணக்கைத் தணிக்கை செய்தது உலகப் புகழ் பெற்ற பிரைஸ் வாட்டர்ஹவுஸ். அவர்களிடம் படிப்புக்கா பஞ்சம்? 2011-ல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அபராதம் விதித்தபோது சுட்டிக்காட்டிய முக்கியமான குறை ரொம்பச் சின்னது: வங்கியிடம் இருப்பை உறுதி செய்யும் வேலையைத் தணிக்கையாளர்கள் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளவில்லை. கம்பெனி கையிலேயே விட்டுவிட்டார்கள். பாஸ்புக்கை முன்னால் வைத்துக் கேட்டிருந்தால் போதும். கொல்லிமலை அம்மாவுக்குத் தெரிந்த வித்தைதான்.

இந்த ஓட்டை தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அமெரிக்காவில் 1989-லேயே கணக்கியல் கல்வியை மாற்றுவதற்கென்று ஒரு கமிஷன் போட்டார்கள். மனப்பாடம் போதாது, சிந்திக்கவும் பேசவும் பழக்க வேண்டும் என்பது அதன் சாரம். உலகக் கணக்காளர்களின் கூட்டமைப்பான ஐஃபேக்கின் கல்வித் தரங்களில் தொழில் திறன்களுக்கென்றே தனி விதி உண்டு. அறிவுத்திறன், பிறரோடு பழகிப் பேசும் திறன், தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் திறன், வேலையை ஒழுங்கு செய்யும் திறன் என்று நான்கு வகை.

நம் ஊரிலும் மாற்றம் வந்திருக்கிறது. சி.ஏ. மாணவர்களுக்குப் பேச்சுத்திறன், நிர்வாகத்திறன் வகுப்புகள் கட்டாயம். 2024 மே முதல் ஃபைனலில் ஒரு பேப்பர் முழுக்க முழுக்கப் பல பாடங்களைக் கலந்த நிகழ்வு ஆய்வு. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். ("அப்ப ஈஸி சார்!" என்று துள்ள வேண்டாம். விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது தெரியாதவனுக்குத் திறந்த புத்தகமும் மூடிய புத்தகம்தான்.) அதே புதிய திட்டத்தில், மூன்று வருடமாக இருந்த ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி இரண்டு வருடமாகிவிட்டது. ஒரு கையால் கொடுத்து, மறு கையால் ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டது மாதிரி எனக்குப் படுகிறது. லாரி பில்லைச் சந்தேகப்படும் கண், சீனியரோடு கிடங்கில் நின்று மூட்டை எண்ணும்போதுதான் திறக்கும். நல்ல சீனியர் அமைந்தால் வரம். அமையாவிட்டால் எத்தனை வருடமானாலும் ஜெராக்ஸ்தான்.

சரி, திறமையைக் கற்றுக்கொடுத்தாயிற்று. எப்படி மார்க் போடுவது? இங்கேதான் பெரிய பள்ளம்.

நம் இன்டர்வியூக்களில் 'கம்யூனிகேஷன் ஸ்கில்' என்றால் நடைமுறை அர்த்தம் ஒன்றுதான்: இங்கிலீஷ். டை கட்டிய பையன் சரளமாகப் பொளந்து கட்டுவான். அவனுக்குப் பத்துக்கு ஒன்பது. சோளக்காட்டிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த பையன் வார்த்தை தேடித் தடுமாறுவான். அவனுக்கு மூன்று. ஆனால் கிடங்குக் காவலாளியிடம் பக்குவமாகப் பேசி, "போன வாரம் ராத்திரி ஒரு லோடு போச்சுங்க" என்ற உண்மையை வாங்கி வருவது யார்? தணிக்கைக்கு வேண்டிய பேச்சு அதுதானே? அதை அளக்காமல் உச்சரிப்பை அளந்தால், திறமைக்கு மார்க் என்ற பெயரில் அப்பாவின் சம்பளத்துக்கு மார்க் போடுகிறோம்.

டாக்டர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்டு ஹார்டன் என்பவர் அறிமுகப்படுத்திய முறை. மாணவன் ஒவ்வொரு நிலையமாகச் சுற்றி வருவான். ஓரிடத்தில் நோயாளியிடம் விசாரிக்க வேண்டும், இன்னோரிடத்தில் பரிசோதிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம், முன்கூட்டியே எழுதி வைத்த ஒரே மார்க் பட்டியல். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டானா? மார்க். டை கட்டியிருக்கிறானா? அது பட்டியலிலேயே இல்லை. காமர்ஸ் கல்லூரிகளும் செய்து பார்க்கலாம். ஒரு மேஜையில் முரண்படும் இரண்டு பில்கள், அடுத்ததில் கோபக்கார முதலாளி வேஷத்தில் ஒரு லெக்சரர், அடுத்ததில் அரைப்பக்கக் கடிதம். தமிழிலேயே பேசட்டுமே! முதலாளி என்ன, லத்தீனிலா திட்டப்போகிறார்?

இன்னொரு குணம் இருக்கிறது. அதற்கு எந்தப் பட்டியலாலும் மார்க் போட முடியாது. சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். அரசுக் கணக்கியல் டிப்ளமோவை 1933-ல் முடித்தார். இந்தத் துறையில் தேர்ச்சி பெற்ற முதல் இந்தியப் பெண். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்யக் கூடாது என்று விதி குறுக்கே நின்றது. விடவில்லை. வழக்காடி ஜெயித்து, 1937-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். விதியைப் படித்தவர்கள் பலர். அந்த விதியே சரியா என்று கேட்டவர் அவர்.

இதைப் படிக்கிற தம்பிகளில் பாதிப் பேர் ஆபீஸில் ஏதோ ஒரு லெட்ஜர் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையில் மேஜையில் இருக்கிற முதல் பில்லை எடுங்கள். யார் வாங்கியது, எங்கே இறங்கியது, யார் பார்த்தது - மூன்றே கேள்வி. பதிலை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் கண்ணே உங்களுக்குப் புதுசாக இருக்கும்.

மேனேஜர் முறைத்தால்? பயப்படாதீர்கள். சரியான பில்லைத்தான் எடுத்திருக்கிறீர்கள்!