பகடையா, கவசமா?

சதுரங்கத்தைப்போல முறைவைத்து ஆடும் கணிப்பொறி விளையாட்டுகளில் மாயக்கதைகளும் உண்டு. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'டிவினிட்டி: ஒரிஜினல் சின்' அத்தகையது. வாள்வீரரும் மந்திரவாதியும் சேர்ந்த நால்வர் குழுவை நாம் நடத்தவேண்டும்.

பகைவனைச் செயலிழக்கச் செய்வது அதில் நிகழ்தகவைப் பொறுத்தது. வாய்ப்பு நூற்றுக்கு 70 எனக் கொள்வோம். இருமுறை முயன்றும் தோற்கும் வாய்ப்பு 0.3 × 0.3, அதாவது நூற்றுக்கு 9. சிறிய எண்தான், ஆனால் ஏறத்தாழப் பதினொரு தடவைக்கு ஒருமுறை நேரும். ஆடுபவருக்கு நினைவில் நிற்பதும் அதுவே!

2017-இல் வந்த இரண்டாம் பாகம் இதை மாற்றியது. ஒவ்வொருவருக்கும் உடற்கவசம், மந்திரக்கவசம் என இரண்டு. கவசம் உள்ளவரை அதற்குரிய தாக்குதல் பகைவனை முடக்காது, தீர்ந்தபின் முடக்கிவிடும்.

இங்கேதான் சிக்கல். பகைவனின் கவசங்கள் 40 வீதம், நம்மவர் அடி 20 வீதம், ஆளுக்கு ஓர் அடி என்போம். நால்வரும் வாள்வீரரானால் இரண்டு அடியில் உடற்கவசம் தீரும். மூன்றாமவர் அவனை வீழ்த்தலாம். இருவர் வாளும் இருவர் மந்திரமும் என்றால்? கவசங்கள் இரண்டும் தீர்வதோடு நம் முறையும் முடிந்துவிடும்! ஒரே வகையாரைச் சேர்ப்பதே இலாபம் என்றாகிவிட்டது. அதிர்ஷ்டத்தை விலக்கியதற்கு இது அதிக விலை என்றே தோன்றுகிறது.

அடுத்த பாகத்தை ஊகிப்போர் இந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பாதிக் கவசம் தீர்ந்தால் பாதி வாய்ப்பு என்று விதித்தால் பகடையும் இருக்கும், கவசமும் இருக்கும். இதே நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வேறு தொடரான 'பால்டர்ஸ் கேட் 3', இருபது முகப் பகடையையே ஏற்றது.