சாயத்தைச் சிதைக்கும் பூஞ்சை உப்பை என்ன செய்யும்?

திருப்பூரின் நொய்யல் ஆறு என்றதும் நினைவுக்கு வருவது சிவப்பும் ஊதாவுமாக ஓடிய தண்ணீர்தான். ஆனால், ஆயக்கட்டு நிலத்தைப் பாழாக்கியதில் பெரும்பங்கு நிறமற்ற உப்புக்கே உண்டு. பருத்தித் துணி தண்ணீரில் நனைந்ததும் எதிர்மின் தன்மை கொள்ளும். ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே தன்மைதான். விலகி நிற்கும் இரண்டையும் நெருங்க வைக்கத்தான் சாயப்பட்டறைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அடர்நிறச் சாயத்தொட்டியில் 80 கிராம்கூடச் சேரும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஒட்டிக்கொள்ள, உப்பு அப்படியே வெளியேறிவிடும். 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது இந்தத் தண்ணீர்தான். அணையைத் திறக்க வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. வழக்குகள் நீண்டு, 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

பூஞ்சைகளை விட்டு இந்த மண்ணை மீட்கலாமே என்ற யோசனைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மரத்தை மட்கச் செய்யும் வெண்ணழுகல் பூஞ்சைகள் லாக்கேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து சாய மூலக்கூறுகளையும் உடைக்கின்றன. சாயம் கரிமப் பொருள். உடைக்க அதில் பிணைப்புகள் உண்டு. சோடியமும் குளோரைடும் தண்ணீரில் ஏற்கெனவே தனித்தனி அயனிகள். எந்த நொதிக்கும் அங்கே வேலை இல்லை. அப்படியானால் உப்பில் வாழும் பூஞ்சை எப்படித்தான் வாழ்கிறது? இதற்கான விடை மிகத் தெளிவாகத் தெரிந்திருப்பது ரொட்டி ஈஸ்ட்டில். வெளியே உப்பு ஏறியதும் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் நொடிகளில் வெளியேறி, செல் சுருங்குகிறது. செல்சவ்வில் உள்ள உணரிகள் அதைக் கண்டதும் ஹாக்1 என்ற புரதம் தூண்டப்படுகிறது. செல் தன் சர்க்கரையைச் செலவழித்து கிளிசராலைத் தயாரித்துச் சேர்க்கிறது, அது கசியும் வாயிலையும் மூடிக்கொள்கிறது. கிளிசரால் சேரச் சேர உள்ளே தண்ணீர் திரும்புகிறது. நுழைந்துவிட்ட சோடியத்தை வெளியே தள்ள ஈனா1 என்ற பம்பு வேறு இருக்கிறது. உப்பளங்களில் வாழும் ஹோர்டேயா வெர்னெக்கியை என்ற கருப்பு ஈஸ்ட் இன்னும் வியப்பானது. உப்பே இல்லாத நீரிலும் வளரும். உப்பு இனிக் கரையாது என்னும் நிலையிலும் வளரும். அதன் செல்சுவரில் படிந்த மெலனின் கிளிசராலைக் கசியவிடாமல் காக்கிறது. இவ்வளவு திறமையும் செல்லுக்குள் சோடியம் ஏறாமல் பார்த்துக்கொள்வதற்கே. செல் வெளியே தள்ளிய சோடியம் பக்கத்து மண்ணில்தான் கிடக்கிறது.

உப்பை அகற்றாவிட்டாலும் பயிருக்குத் துணை நிற்கலாமே என்று அடுத்துக் கேட்கலாம். உண்மை, பூஞ்சைகளின் மெய்யான பயன் அங்கேதான் என்பது என் கருத்து. நம் விவசாயிகளுக்குப் பழக்கமான ‘வேம்’ என்னும் வேர் உட்பூசணம், வேரிடம் சர்க்கரையும் கொழுப்பும் பெற்றுக்கொண்டு, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுக்கிறது. உவர் மண்ணில் இந்தப் பூசணம் குடியேறிய செடிகளின் இலைகளில், சோடியத்தோடு ஒப்பிட்டால் பொட்டாசியத்தின் விகிதம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால், உப்பு மிகுந்தால் பூசணத்தின் வித்துகளே முளைக்கத் திணறும். வேரில் அது பரவுவதும் குறையும். எங்கோ நல்ல மண்ணில் பெருக்கிய பூசணத்தைப் பாக்கெட்டில் வாங்கிப் போடுவதைவிட, நொய்யல் கரையின் உவர் மண்ணிலேயே தாக்குப்பிடித்து நிற்கும் இனங்களைப் பிரித்துப் பெருக்குவதே பலன் தரும். வேளாண் பல்கலைக்கழகம் கோவையிலேயே இருக்கும்போது அதற்கு இடத் தொலைவு ஒரு தடையல்ல.

உப்பை மழை அடித்துச் சென்றுவிடும் என்பாரும் உண்டு. கொங்குச் சமவெளியின் பெரும்பகுதி மழை மறைவுப் பகுதி. களர் நிலத்தில் ஜிப்சம் போட்டாலும், கால்சியத்துக்கு இடம்விட்டு விலகும் சோடியத்தை நல்ல தண்ணீர்தான் வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும். கிணற்று நீரே உப்பாக இருக்கும் ஊரில் அந்த நல்ல தண்ணீர் எங்கே? கழிவே வெளியேறாத முறைக்கு மாறிய திருப்பூர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் உப்பு மறைந்துவிடவில்லை. கழிவுநீரை ஆவியாக்கிய பின் கடைசியில் மிஞ்சுவது, மீண்டும் சாயத்தொட்டிக்கு உதவாத கலப்பு உப்பு. மழை படாமல் அதை மூட்டை மூட்டையாகக் கூரைக்கடியில் வைத்துக் காக்க வேண்டியிருக்கிறது.