கட்டுமானத்துக்கு ஏற்ற மெல்லுருக்குத் தகடு

பாலம், நீர்த்தொட்டி, மதகுக் கதவு, தொழிற்கூடத் தூணின் அடித்தகடு ஆகிய அனைத்துக்கும் உருக்குத் தகடு இன்றியமையாதது. தகடு வாங்க முற்படுவோர் மனத்தில், வலிமை மிக்கதே சிறந்தது என்னும் எண்ணம் எளிதில் எழுகிறது. பல இடங்களில் இவ்வெண்ணம் பொருந்துவதில்லை. கடைவீதியில் எம்.எஸ். பிளேட் என்று வழங்கப்படும் மெல்லுருக்குத் தகடு, கட்டுமான உருக்குகளுள் வலிமை குறைந்த வகையைச் சேர்ந்தது. ஆயினும் பெரும்பாலான பணிகளுக்கு அதுவே தக்கதாக அமைகிறது. இதன் காரணத்தையும், அவ்வகைக்குள்ளேயே தகட்டைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

மெல்லுருக்கு என்பது யாது?

கார்பன் குறைவாகவும், அதாவது நூற்றுக்குக் கால் பங்கை மிகாமலும், மாங்கனீசு ஓரளவும் சேர்ந்த இரும்பே மெல்லுருக்கு. இதற்குரிய இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2062 முதன்முதலில் 1962-இல் வெளியிடப்பட்டது. முன்னர் வழக்கிலிருந்த ஐ.எஸ். 226 பின்னாளில் கைவிடப்பட்டு, அதன் இடத்தையும் இதுவே ஏற்றது. இதன் 2011-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மெல்லுருக்கு ‘ஈ 250’ என்று குறிக்கப்படுகிறது. 250 என்னும் எண், மெகாபாஸ்கல் அளவில் அதன் நெகிழ்வு எல்லையாகும். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 25 கிலோகிராம் எடை தொங்கும் வரையில், சுமையை நீக்கியதும் உருக்கு பழைய வடிவுக்கு மீளும். அதற்கு மேல் நிலையாக நீண்டுவிடும். அறுந்து போகும் எல்லை 410 மெகாபாஸ்கலுக்குக் குறையலாகாது. அறுமுன் சோதனைத் துண்டு நூற்றுக்கு 23 பங்கேனும் நீள வேண்டும். இந்நீட்சியே மெல்லுருக்கின் பெரும் பயன். மிகைச் சுமை ஏறினால் உறுப்பு வளைந்து முன்னெச்சரிக்கை தருகிறது.

வலிமை வேறு, விறைப்பு வேறு

உருக்கின் வலிமையை இருமடங்காக்கினாலும் அதன் விறைப்பு கூடுவதில்லை. எல்லாக் கட்டுமான உருக்குகளுக்கும் யங் குணகம் ஏறத்தாழ 2,00,000 மெகாபாஸ்கலேயாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 6 மீட்டர் இடைவெளியில் இரு முனைகளிலும் தாங்கப்பட்ட, 300 மி.மீ. உயரமுள்ள உத்தரத்தின் மீது சுமை சீராகப் பரவியிருக்கிறது. ஈ 250 உருக்கில் நெகிழ்வு எல்லையின் அறுபது விழுக்காடான 150 மெகாபாஸ்கல் தகைவை அனுமதித்தால், நடுவில் தொய்வு சுமார் 19 மி.மீ. ஆகும். நீளத்தின் 300-இல் ஒரு பங்கு, அதாவது 20 மி.மீ., தொய்வின் வரம்பென்று வைத்துக்கொண்டால் இது அதற்குள் அடங்குகிறது. ஈ 350 உருக்கைக் கொண்டு அதே உயரத்தில் உத்தரம் அமைத்து, 210 மெகாபாஸ்கல் வரை சுமையேற்றினால் தொய்வு 26 மி.மீ. ஆகிவிடும். எனவே அதன் மிகை வலிமையை அவ்விடத்தில் முழுதும் பயன்படுத்த இயலாது. நீண்டு மெலிந்த தூண் பக்கவாட்டில் வளைந்து தோல்வியுறுவதும் இவ்வாறே விறைப்பைப் பொறுத்தது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். கார்பன் உருக்கினாலான ஒரே அளவுள்ள இரண்டு ஆக்சா பிளேடுகளை எடுத்துக்கொள்க. ஒன்றைச் செந்நிறமாகக் காய்ச்சிச் சாம்பலில் மெல்ல ஆறவிடுக. இரண்டையும் மேசை விளிம்பில் ஒரே நீளம் நீட்டி இறுக்கி, முனையில் ஒரே சிறு எடையைத் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே அளவு தாழும். எடையைக் கூட்டிக்கொண்டே சென்றால், காய்ச்சியது வளைந்தபடியே நிற்கும். காய்ச்சாதது மீளும், அல்லது திடீரென உடையும். உடையும்போது துண்டு தெறிக்கக் கூடுமாதலால் கண்களுக்குக் காப்பு அவசியம்.

பற்றவைப்பும் குளிரும்

வலிமைக்காகக் கார்பனையும் மாங்கனீசையும் மிகுத்தால், தொழிலாளர் வெல்டிங் எனக் கூறும் பற்றவைப்பு கடினமாகிறது. பற்றவைப்பின் ஓரத்தில் உருக்கு விரைவாகக் குளிர்ந்து, கடினமுற்று, விரிசல் காண்கிறது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்துக் கிங்ஸ் பாலம் இதற்குச் சான்றாகும். மெல்லுருக்கைக் காட்டிலும் வலிமை மிக்க உருக்குத் தகடுகளைப் பற்றவைத்து உத்தரங்கள் அமைக்கப்பட்ட அப்பாலம் 1961-இல் திறக்கப்பட்டது. 1962 ஜூலை 10 அன்று, அந்நாட்டின் குளிர்காலக் காலையில், சுமார் 45 டன் எடையுள்ள வண்டியொன்று சென்றபோது அதன் ஒரு பகுதி தாழ்ந்தது. உத்தரங்களின் அடிப்பகுதியில் சேர்க்கப்பட்ட கூடுதல் தகடுகளின் முனைப் பற்றவைப்புகளில் முன்னரே விரிசல்கள் இருந்தன. குளிரில் அவை உத்தரத்தின் ஊடே பாய்ந்துவிட்டன. உருக்கின் சேர்க்கை, பற்றவைத்த முறை, கண்காணிப்பு ஆகிய மூன்றிலுமே குறை இருந்தது.

பற்றவைப்புக்குத் தகுதியை அளக்க ‘கார்பன் சமன்மதிப்பு’ உதவுகிறது. பிற உலோகங்கள் மிகச் சிறிதே இருப்பின், கார்பன் அளவுடன் மாங்கனீசின் ஆறில் ஒரு பங்கைக் கூட்டுதல் போதும். கார்பன் 0.20, மாங்கனீசு 0.90 விழுக்காடு எனின் மதிப்பு 0.35 ஆகும். ஈ 250 உருக்கின் ‘ஏ’ வகைக்கு உச்ச வரம்பு 0.42, ‘சி’ வகைக்கு 0.39.

எண்ணுக்குப் பின்வரும் எழுத்து

ஈ 250 என்று மட்டும் எழுதி ஆணை அனுப்புதல் போதாது. அதனைத் தொடரும் எழுத்து, தகடு திடீர்த் தாக்குதலை எந்தக் குளிர் வரையில் தாங்கும் என்பதைத் தெரிவிக்கிறது. ‘ஏ’ வகைக்குத் தாக்குச் சோதனை இல்லை. ‘பிஆர்’ வகைக்கு, வாங்குவோர் கோரினால் அறை வெப்பநிலையில் சோதனை நடைபெறும். ‘பி0’ வகைக்கு 0 பாகை செல்சியசிலும், ‘சி’ வகைக்குச் சுழிக்குக் கீழ் 20 பாகையிலும் சோதனை கட்டாயம். மூன்றிலும் சோதனைத் துண்டு சராசரியாக 27 ஜூல் ஆற்றலை ஏற்க வேண்டும்.

கூரைச் சட்டம், கைப்பிடி, சுமை அசையாத அடித்தகடு ஆகியவற்றுக்கு ‘ஏ’ வகை போதுமானது. அதிர்வும் மாறும் சுமையும் உள்ள பற்றவைத்த உறுப்புகளுக்குச் சோதனை கோரிய ‘பிஆர்’ வகையையோ ‘பி0’ வகையையோ கேட்டல் நலம். லடாக் போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளின் பாலங்களுக்குச் ‘சி’ வகை வேண்டும்.

தடிப்பையும் கருதுதல் வேண்டும். 20 மி.மீ.க்குக் குறைந்த தகட்டுக்கே 250 மெகாபாஸ்கல் உறுதி. 20 முதல் 40 மி.மீ. வரை அது 240. அதற்கு மேல் 230. தடித்த தகடு குறைவாக உருட்டப்பட்டு மெதுவாகக் குளிர்வதால் அதன் மணிகள் பருத்துவிடுகின்றன. திடீரென உடையும் அபாயமும் தடித்த தகட்டிலேயே மிகுதி.

துருவும் தடிப்பும்

வலிமை மிக்க சாதாரண உருக்கும் மெல்லுருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் துருப்பிடிக்கின்றன. 10 மி.மீ. மெல்லுருக்குத் தகட்டுக்கு மாற்றாக 7 மி.மீ. வலிய தகட்டை இட்டதாகக் கொள்வோம். இருபுறமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் அரிக்கப்பட்டால் முன்னது ஐந்தில் ஒரு பங்கை இழக்கும்; பின்னது நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் இழக்கும். கடற்கரைப் பணிகளில் இது சிறிய வேறுபாடன்று.

இதனால் வலிய உருக்கு வேண்டாம் என்று பொருளில்லை. 1943-இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தின் முதன்மை இடைவெளி 457 மீட்டர். அத்தகைய நீண்ட அமைப்பில் பாலத்தின் சொந்த எடையே பெருஞ்சுமையாதலால், டாடா ஆலையின் வலிமை மிக்க உருக்கு அங்கே பொருத்தமாகப் பயன்பட்டது. அவ்வுறுப்புகள் பற்றவைக்கப்படாமல் தறையாணிகளால் இணைக்கப்பட்டன என்பதும் கருதத்தக்கது.

பணியிடத்தில் செய்யத்தக்கவை

தகடு வந்திறங்கியதும் சோதனைச் சான்றிலுள்ள வார்ப்பு எண்ணும் தகட்டில் பொறித்த எண்ணும் ஒன்றாக உள்ளனவா என ஒப்பிடுக. எண்ணில்லாத தகட்டைப் பற்றவைத்த முதன்மை உறுப்புகளுக்கு ஒதுக்கலாகாது. தகட்டை வெட்டுமுன் அவ்வெண்ணை ஒவ்வொரு துண்டுக்கும் பெயர்த்தெழுதுக. ஒரு சதுர மீட்டர் தகடு, ஒவ்வொரு மி.மீ. தடிப்புக்கும் 7.85 கிலோகிராம் எடையுள்ளது, 10 மி.மீ. தகடெனின் 78.5 கிலோகிராம். எடையும் பரப்பும் இக்கணக்குடன் ஒவ்வாவிடின் தடிப்பைப் பல இடங்களில் அளந்து பார்க்க வேண்டும். கொள்முதல் ஆணையில் தர எண், எழுத்து, தடிப்பு, கோரும் சோதனை ஆகிய நான்கையும் தெளிவாக எழுதி, நடப்பிலுள்ள தர நிர்ணயப் பதிப்புடன் ஒப்புநோக்கிய பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும்.