மீண்டு வரும் பெண்ணுக்கு ஊர் செய்யவேண்டியது

மழை பொய்த்துக் கடன் ஏறிய ஆண்டில்தான் தரகன் ஊருக்குள் வருகிறான். “நகரத்தில் வீட்டு வேலை, நல்ல சம்பளம், முன்பணம் இப்போதே” என்கிறான். பெரும்பாலும் அவன் அந்நியன் அல்லன்; அறிந்தவனே, சில வேளை உறவினனே. நம்பி அனுப்பப்பட்ட சிறுமி விபசார விடுதியில் அடைபடுகிறாள்.

மனிதரை விற்பதையும் வாங்குவதையும் நமது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. விடுதி நடத்துவோரையும் தரகரையும் தண்டிக்க 1956ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. “அவள் விரும்பித்தானே போனாள்” என்பாருண்டு. பதினெட்டு வயது நிறையாத பெண்ணின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமே ஆகாது.

மீட்கப்பட்ட சிறுமியை 24 மணி நேரத்திற்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தவேண்டும். குழு உடனே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. முதலில் குடும்பத்தை விசாரிக்கிறது. விற்றவர் அவ்வீட்டிலேயே இருக்கக்கூடுமன்றோ? அதுவரை இல்லத்தில் தங்க இடமும், மருத்துவமும், கல்வியும் அளிக்கப்படுகின்றன. இழப்பீடு பெற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி உதவுகிறது.

இவ்வழியை நம் நாட்டில் முன்பே காட்டியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள். ஆதரவற்ற பெண்களுக்கென 1930ஆம் ஆண்டில் சென்னையில் அவ்வை இல்லத்தை நிறுவினார். அடைக்கலத்தோடு கல்வியும் சேர்ந்தாலன்றிப் பெண் தன் காலில் நிற்க இயலாது என்பதை அவ்வில்லம் உணர்த்திற்று.

இனி, பஞ்சாயத்தின் கடமை யாது? வெளியூர் வேலைக்கு அனுப்பப்படும் சிறுமியர் எங்கே, யாருடன் செல்கின்றனர் என விசாரித்து அறிக. ஐயம் தோன்றினால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிக்குக, கட்டணம் இல்லை. திரும்பி வந்தவளின் கதையைச் சாவடியில் பேசாதீர்; அவள் பெயரைப் பத்திரிகையில் வெளியிடுவது குற்றம். ஊர் வாயை அடைக்கவென்று அவசரக் கல்யாணம் செய்துவைத்தலும் தீர்வன்று; பதினெட்டு வயதுக்கு முன் அதுவும் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே. அவளை மீண்டும் பள்ளியில் சேர்ப்பியுங்கள். வயது வந்தபின் தொழிற்பயிற்சிக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கும் வழி காட்டுங்கள்.

“கெட்டுப்போனவள்” என்ற ஒரு சொல், மீண்டு வந்தவளை மறுபடியும் தரகனிடமே துரத்திவிடும். குற்றம் அவனுடையது, அவமானமும் அவனுடையதே. இதனைக் கிராமசபையில் துணிந்து கூறும் உறுப்பினரே அப்பெண்ணுக்கு முதல் துணையாவார்.