‘பட்டியலில் இல்லாத மருத்துவமனை’: பணம் மறுக்கப்பட்டால் என்ன செய்யலாம்?

அம்பாசமுத்திரத்தில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது என்றுதான் வீட்டார் பார்ப்பார்கள். பாளையங்கோட்டைக்கே சுமார் 35 கிலோமீட்டர் போக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலை அந்த நேரத்தில் யார் புரட்டுவார்கள்? பில்லைக் கட்டி, ரசீதுகளை அனுப்பிய பிறகு பதில் வரும்: பட்டியலில் இல்லாத மருத்துவமனை, தொகை வழங்க இயலாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் இந்த வாசகம் பழக்கமானது. 2022 ஜூலையில் தொடங்கிய தமிழக அரசின் ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டத்துக்காக மாதம் 497 ரூபாய் ஓய்வூதியத்திலேயே பிடிக்கத் தொடங்கினார்கள். பணத்தைப் பிடிக்கும்போது இல்லாத தயக்கம் கொடுக்கும்போது மட்டும் வருவது ஏன் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சட்டமும் அவர்கள் பக்கம்தான். சிவகாந்த் ஜா என்ற மத்திய அரசு ஓய்வூதியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்தது. மருத்துவமனை பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது. சிகிச்சை உண்மையில் நடந்ததா, அதற்கு மருத்துவமனையின் ஆவணம் இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும் என்றது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் ஓய்வூதியர்களின் மனுக்களில் இதே வழியில் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் முதலில் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் முறையிடுங்கள். நேராக நீதிமன்றம் போனால் அந்தக் குழுவுக்கே திருப்பி அனுப்புவதும் உண்டு. சேர்த்த நேரமும், எந்த நிலையில் கொண்டுவரப்பட்டார் என்பதும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

தனியார் பாலிசி எடுத்தவர்களுக்கு வழி வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே சுற்றறிக்கைப்படி, மறுப்பதற்கு முன் நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தர வேண்டும். பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். ‘பழைய நோயை மறைத்தீர்கள்’ என்ற காரணத்தை, பாலிசி 60 மாதம் தொடர்ந்து நடந்த பிறகு, மோசடியை நிரூபித்தாலன்றி எழுப்ப முடியாது.

பாதிப் பணம் வருவது இன்னொரு ரகம். அறை வாடகை வரம்பு 5,000 ரூபாய், நீங்கள் தங்கியது 8,000 ரூபாய் அறை என்றால், வித்தியாசம் 3,000-உடன் முடியாது. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் கட்டணமும் எட்டில் ஐந்து பங்காகக் குறையும். பாலிசியில் அந்த விதி இருந்தால் வாதாடிப் பயனில்லை. ஆனால் மருந்து, ஸ்டென்ட் போன்ற உட்பொருத்திகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இப்படிக் கை வைக்கக்கூடாது. பில்லோடு வரிவரியாக ஒப்பிட்டால் பிடிபடும்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். அவர் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். ஆனால் அங்கே வழக்கு இருக்கும்போது குறைதீர்ப்பாளர் மனுவை எடுக்கமாட்டார்.

உங்கள் புகாருக்கு நிறுவனம் அனுப்பும் மறுப்புக் கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்து வையுங்கள். குறைதீர்ப்பாளரிடம் போக அன்றிலிருந்து ஓராண்டுதான் அவகாசம்.